ஒரு டீ, இரண்டு பீஸ்

(சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்தவர் போனில், "ஐயா, சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். நம் ஊர்ச் சாப்பாடாக இருந்தால் நல்லது" என்றார். சரி என்றேன். தலைப்பு என்ன என்று கேட்டார். டிம் சம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "ஐயா, நம் ஊர்ச் சாப்பாடு என்று சொன்னேனே" என்றார். நானும் அதைத்தானே சொல்கிறேன் என்றேன். அவர் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். முகத்தைப் பார்த்தால் இன்னும் நம்பியதாகத் தெரியவில்லை.

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் பக்கம் திரும்பும் இடத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் போய் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆளை இறக்கும், ஆளை ஏற்றும். பகல் ஷிஃப்ட் முடித்தவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்குவார்கள். இரவு ஷிஃப்ட்காரர்கள் குளித்துத் தலை வாரி ஏறுவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு தள்ளுவண்டி. கேஸ் அடுப்பு. அதன்மேல் நாலு அடுக்கு அலுமினியப் பாத்திரம். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். பலகையில் சிவப்பு எழுத்தில் 'மோமோ' என்று இருக்கும்.

வண்டிக்காரத் தம்பி டார்ஜிலிங் பக்கம். நம் ஊர் எண்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. "அண்ணா, வெஜ்ஜா சிக்கனா? ஸ்டீமா ஃப்ரையா?" என்று கேட்பார். எனக்கு வயது அறுபத்தேழு. ஆனாலும் அந்த வண்டிக்கு முன்னால் நிற்கிற எல்லோரும் அவருக்கு அண்ணாதான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆறு பீஸ், ஒரு காகிதத் தட்டு, சிவப்புச் சட்னி. நான் கடைசியாகச் சாப்பிட்டபோது எண்பது ரூபாய் கொடுத்தேன். நின்றபடியே மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த மூன்று நிமிடத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டிம் சம் வேறு, மோமோ வேறு. மோமோ ஒரு பண்டம். திபெத்திலும் நேபாளத்திலும் பிறந்து வளர்ந்தது. வடமேற்குச் சீனத்தில் ஆவியில் வெந்த ரொட்டியை இன்றும் மோமோ என்றே சொல்கிறார்கள். பெயர் அந்தப் பக்கத்து உறவைக் காட்டுகிறது. 1959இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த திபெத்தியர்களோடு மோமோவும் மலை இறங்கியது. டெல்லிக்குப் போனது, மைசூருக்குப் பக்கத்தில் பைலக்குப்பே குடியிருப்புக்குப் போனது. ஊட்டியில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாம் அவர்களிடம் ஸ்வெட்டர் வாங்கினோம், பேரம் பேசினோம், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. பிறகு 2008இல் கொல்கத்தாவில் கல்லூரி நண்பர்கள் இருவர் முப்பதாயிரம் ரூபாய் முதலில் ஒரு மோமோ வியாபாரம் தொடங்கினார்கள். இன்று அந்தப் பெயர் நாடெங்கும் வணிக வளாகங்களில் தொங்குகிறது. நம் ஊர் வண்டிக்கு அந்தப் பெருமை ஒன்றும் தேவைப்படவில்லை. அது தானாக ரயிலேறி வந்தது. அஸ்ஸாமிலிருந்து தாம்பரம் வரைக்கும் ரயில் வருகிறது. தாம்பரத்திலிருந்து நம் ஊர் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டிம் சம் என்பது ஒரு பண்டத்தின் பெயர் இல்லை. சாப்பிடும் ஒரு முறையின் பெயர். தெற்குச் சீனத்தில், குவாங்சௌ, ஹாங்காங் பக்கத்துக் கான்டனீஸ் மொழிச் சொல். நெஞ்சைத் தொடுவது என்று பொருள் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர் டிம் சம் சாப்பிடப் போகிறேன் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. "டீ குடிக்கப் போகலாம்" என்பார். டீதான் தலைமை. சின்னச் சின்னப் பண்டங்கள் அதற்குத் துணை. ஆவியில் வெந்தது, பொரித்தது, வேகவைத்த கோழிக்கால், முள்ளங்கி அடை என்று மூங்கில் கூடையிலும் சின்னத் தட்டிலும் இரண்டு, மூன்று, நாலு பீஸாக வரும்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? எனக்கு என் அப்பாவின் கடை.

அப்பா ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடிய காலம். ஒரகடம் என்றால் ஏரியும் வயலும்தான் நினைவுக்கு வரும். கார் கம்பெனி என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். அவருடைய வியாபாரம் முழுக்க அந்தக் கேட்டை நம்பி இருந்தது. கேட் மூடினால் கடைக்கு ஆள் வரும், திறந்தால் போய்விடும். மாட்டு வண்டிக்காரர், சைக்கிள்காரர், கோவிலுக்கு வந்து பெருமாளின் நெற்றிக்கண்ணைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறவர் என்று யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு டீ, ரெண்டு வடை. வடையை அப்போது மாவு ஆட்டி, தட்டி, பொரித்துக் கொடுக்க முடியுமா? வண்டி போய்விடும். அதனால் அம்மா விடியற்காலையிலேயே ஒரு ஈடு போட்டுவிடுவாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி இருக்கும். கையை நீட்டி எடுத்து, காகிதத்தில் வைத்து, காசை வாங்கிப் போட்டுவிடலாம். அப்பாவுக்குக் கெடிகாரம் கிடையாது. தூரத்தில் வண்டி வரும் ஓசையை வைத்து, டீயை எவ்வளவு சூடாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வார். வண்டி கிட்டே வந்துவிட்டால் ஒரு ஆற்று அதிகமாக ஆற்றிக் கொடுப்பார்.

பின்னாளில் குவாங்சௌ நகரத்து டீக்கடைகளைப் பற்றிப் படித்தபோது நான் சிரித்தேவிட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே 'இரண்டு லி கடை' என்று ஒரு வகை இருந்தது. லி என்பது வெள்ளிக் கணக்கில் மிகச் சிறிய அலகு. தாயெல் என்ற எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு லி கொடுத்தால் டீ. மரமேசை, மர பெஞ்சு. வருகிறவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள், கூலிக்காரர்கள். அவர்களுடைய வழக்கத்துக்கு ஒரு தொடரே உண்டு: ஒரு கோப்பை, இரண்டு துண்டு. ஒரு மூடிபோட்ட கிண்ணத்தில் டீ, இரண்டு பீஸ் பலகாரம். இன்றும் டிம் சம் சாப்பிடுவதைக் கான்டனீஸ்காரர்கள் அந்தத் தொடரால் சொல்வார்கள். மாடிமேல் மாடி கட்டிய பெரிய டீ மாளிகைகள் எல்லாம் பிறகு வந்தவை. அடிப்படை அந்த மர பெஞ்சுதான். சீனாவில் ஒரு கேட்டும் ஒரு மீட்டர் கேஜும் இருந்திருந்தால் என் அப்பா அங்கேயும் பிழைத்திருப்பார்.

நான் முதன்முதலில் டிம் சம் சாப்பிட்டது சிங்கப்பூரில். 1990களின் தொடக்கத்தில் ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிராங்கூன் சாலை. அது எல்லோரும் செய்வது. அங்கிருந்து ஜாலான் புசார் கொஞ்ச தூர நடைதான். அங்கே 1962இலிருந்து ஸ்வீ சூன் என்று ஒரு டிம் சம் கடை இருக்கிறது. சாயங்காலம் திறந்து இரவு முழுக்க நடக்கும் கடை என்று பெயர் எடுத்தது. என் மேஸ்திரி ஒரு சீனப் பெரியவர். சம்பள நாளில் எங்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். வெளியே மேசை போட்டிருந்தார்கள். எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவரே கேட்டு வாங்கினார். எதில் பன்றி இருக்கிறது, எதில் இறால் இருக்கிறது, எதில் கோழி என்று ஒவ்வொரு கூடையையும் விரலால் தொட்டுச் சொன்னார். எங்களில் ஒருவர் பன்றி தொடமாட்டார், இன்னொருவர் செவ்வாய்க்கிழமை சைவம். அன்று செவ்வாயா என்று சரியாக ஞாபகம் இல்லை. அவர் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு, சிவப்புப் பயறு அரைத்து உள்ளே வைத்த இனிப்பு பாவ் இரண்டு சாப்பிட்டதால் செவ்வாயாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடித்துவிட்டு, "அண்ணே, இது நம்ம காராமணிக் கொழுக்கட்டை. மேல்மாவை மட்டும் பஞ்சு மாதிரி பண்ணிட்டான்" என்றார். டிம் சம்மைப் பற்றி அதைவிட நல்ல விமர்சனம் நான் எங்கும் படித்ததில்லை.

மேஸ்திரி எனக்கு டீ ஊற்றினார். பெரியவர் ஊற்றுகிறாரே என்று எழுந்துவிட்டேன். உட்காரச் சொல்லி, இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டிக் காட்டினார். அதுதான் நன்றியாம். அதற்கு ஒரு கதையும் சொன்னார். சியென்லுங் என்ற பேரரசன் மாறுவேடத்தில் ஊர் சுற்றும்போது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, கூட வந்த வேலைக்காரனுக்குத் தானே டீ ஊற்றிவிட்டானாம். வேலைக்காரன் மண்டியிட்டால் வேஷம் கலைந்துவிடும். அதனால் விரல்களை மண்டியிட வைத்தான். கதை உண்மையா என்று கேட்காதீர்கள். நம் ஊரிலும் மாறுவேடத்தில் நகர்வலம் போகாத ராஜா உண்டா? அன்றைக்கு மேசையில் இருந்தது ஒரு மேஸ்திரியும் நாலு கூலிக்காரர்களும்தான். ஆனாலும் அந்த விரல் தட்டல் எனக்கு ஒட்டிக்கொண்டது. இப்போதும் யாராவது டீ ஊற்றினால் தட்டிவிடுகிறேன். "என்ன, அவசரமா?" என்று கேட்கிறார்கள்.

விலை மலிவாக இருந்தால் சமையலும் மலிவு என்று நினைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. ஹாங்காங்கில் மாக் குவாய் புய் என்று ஒரு சமையல்காரர். பெரிய ஐந்து நட்சத்திர ஓட்டலில் வேலை செய்தவர். 2009இல் மாங்காக் என்ற நெரிசலான பேட்டையில் டிம் ஹோ வான் என்று சுமார் இருபது பேர் உட்காரும் ஒரு சின்னக் கடை போட்டார். அதே தரம், தெருக்கடை விலை. அடுத்த ஆண்டுக்கான மிஷலின் வழிகாட்டியில் அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். உலகத்திலேயே மலிவான நட்சத்திர உணவகம் என்று பத்திரிகைகள் எழுதின. வாசலில் மணிக்கணக்கில் ஆள் நின்றார்கள். எனக்கு அந்த நட்சத்திரத்தின்மேல் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் இருபது நாற்காலியும் ஒரு சட்டி ஆவியும் போதும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அதன்மேல் மரியாதை உண்டு.

இப்போது அடுப்படிக்குள் போகலாம். பின்வரிசையில் இருக்கும் அக்காமார்கள் தவறு இருந்தால் திருத்த வேண்டும்.

ஹார் காவ் என்று ஒரு டிம் சம் பண்டம். உள்ளே இறால். மேல்தோல் கண்ணாடி மாதிரி, உள்ளே இருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரியும். அந்தத் தோலை எப்படிச் செய்கிறார்கள்? கோதுமை மாவைக் கழுவி அதன் இழுவையை எல்லாம் எடுத்துவிட்டு, மிஞ்சும் வெள்ளை மாச்சத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதில் இழுவை இல்லை என்பதால் பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் சேராது, உதிரும். அதனால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுகிறார்கள். பாதி வெந்து மாவு ஒன்றுகூடும். சூட்டோடு பிசைய வேண்டும்.

அக்காமார்கள் சிரிக்கிறீர்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு நீங்கள் செய்வது என்ன? பச்சரிசி மாவில் இழுவை உண்டா? கிடையாது. அதனால் கொதிநீர் விட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய் தொட்டுப் பிசைந்து, சொப்பு செய்து, பூரணம் வைத்து மூடுகிறீர்கள். சொப்பு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு கெட்டிக்காரி என்று மாமியார் சொல்வார். ஹார் காவ் செய்கிறவருக்கு மடிப்பைக் கணக்குப் பார்க்கிறார்கள். ஏழு மடிப்பாவது வேண்டும் என்பார்கள். மாமியாரும் டிம் சம் கடையின் தலைமைச் சமையல்காரரும் ஒரே பரீட்சைதான் வைக்கிறார்கள். நம் மோமோ வண்டியில் இருப்பது வேறு மாவு, மைதா. மைதாவுக்கு இழுவை உண்டு, பச்சைத் தண்ணீரே போதும்; பிசைந்து ஊறவிட்டுச் சப்பாத்தி மாதிரித் தேய்க்கலாம். அதனால் மோமோவின் தோல் கண்ணாடியாக வராது. கொஞ்சம் சவ்வென்று இருக்கும். சிலருக்கு அந்தச் சவ்வுதான் பிடிக்கவில்லை. உள்ளே முட்டைக்கோஸ், வெங்காயம், இஞ்சி, கோழிக்கறிக் கொத்து. சைவத்தில் மீல்மேக்கர் கலப்பதும் உண்டு. முட்டைக்கோஸில் உப்புப் போட்டுப் பிழிந்து நீரை எடுக்காவிட்டால் வேகும்போது தோல் கிழியும். நம் தம்பி பிழிகிறார். பார்த்திருக்கிறேன்.

ஆவி பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிராம் நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விட்டுவிட்டுப் போகிறது. அதே ஒரு கிராம் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எழுபது, எழுபத்தைந்து கலோரி போதும். அவ்வளவு வேகம் ஆவிக்கு. ஆனால் சாதாரணப் பாத்திரத்தில் நூறு டிகிரியைத் தாண்டாது, தீயவும் தீயாது. வடைச் சட்டியை விட்டு ஒரு நிமிடம் கண்ணெடுத்தால் வடை கருகிவிடும். இட்லிப் பானையை அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய் வரலாம். பெரும்பாலும். மூங்கில் கூடையில் இன்னொரு வசதி உண்டு. மூடி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், பண்டத்தின் மேல் சொட்டாது. அலுமினிய மூடி சொட்டும்; நம் பாட்டிகள் அதற்குத்தான் மூடியைத் துணியால் கட்டினார்கள்.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, இட்லியே வெளியிலிருந்து வந்ததுதானே என்று கேட்பார்கள் என்று தெரியும். உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா அப்படி ஒரு கருத்தைச் சொன்னார். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் இங்கே ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இல்லை என்று குறித்ததையும், இந்தோனேசியாவில் மாவைப் புளிக்கவைக்கும் வழக்கம் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தார். ஆனால் வாயில் துணி கட்டிய ஒரு பானை போதும், அதற்குத் தனிப் பாத்திரம் எதற்கு? ராஜேந்திர சோழன் சீனத்துக்குத் தூது அனுப்பினான், சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் என்று ஒன்று 1867 வரை நின்றது. எல்லாம் சரிதான். இந்தப் பெருமையை அடுக்கிக்கொண்டே போனால் மோமோ ஆறிவிடும். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் இல்லை.

ஆனால் ஒரு சாட்சியை மட்டும் கூப்பிட வேண்டும். மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார் பாடியது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனுக்காக, மதுரை நகரத்தின் ஒரு முழு நாளை அவர் நடந்து பார்க்கிறார். பகல் அங்காடி, மாலை அங்காடி, பிறகு இரவு. இரவு ஏறுகிறது. பெரிய கடைகளை அடைத்துவிட்டார்கள். அப்போதும் சிலர் கடைவிரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பண்டம் விற்கும் கூவியர். அவர்கள் முன்னால் தேனடை போன்ற அடை இருக்கிறது, மோதகம் இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்கள்.

அந்த மோதகம் உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் உருண்டை இல்லை. கவவு வைத்தது என்கிறார் புலவர். நச்சினார்க்கினியர் அந்தக் கவவுக்குப் பருப்பும் தேங்காயும் சேர்ந்த உள்ளீடு என்று உரை எழுதுகிறார். தொல்காப்பியத்து உரியியலில் கவவு என்றால் அகத்திடுதல், உள்ளே வைத்தல். பூரணம் என்று வடசொல்லில் நாம் சொல்வதற்கு, ஸ்டஃபிங் என்று ஓட்டல்காரர் சொல்வதற்குப் பழந்தமிழில் ஒரு சொல் இருந்திருக்கிறது. அதே சொல்லுக்கு அகப்பாடல்களில் தழுவல் என்று பொருள். காதலன் காதலியைத் தழுவினால் கவவு. மாவு பருப்பைத் தழுவினாலும் கவவு. நெஞ்சைத் தொடுவது என்று கான்டனீஸ்காரர் பெயர் வைத்ததைப் பெரிதாகச் சொன்னேனே, நம் ஆள் நெஞ்சோடு அணைத்தே வைத்திருக்கிறார்.

எனக்கு இதில் சொல்லைவிட முக்கியம் அந்தத் தூக்கம். கூவியர் ஏன் வீட்டுக்குப் போகவில்லை? யாரோ வரப்போகிறார்கள் என்பதால். ஊர் உறங்கின பிறகும் ஊர்க்காவலர் தெருவில் இருந்தார்கள் என்று அதே பாட்டு சொல்கிறது. நேரங்கெட்ட நேரத்தில் விழித்திருக்கிறவர்களுக்குப் பசிக்கும். அவர்களுக்கு இலை போட்டுச் சோறு பரிமாற அந்த நேரத்தில் யாரும் இல்லை. முன்பே செய்து, மாவுக்குள் பொதிந்து, எண்ணி எடுத்துக் கையில் கொடுக்கக்கூடிய பண்டம்தான் அப்போது உதவும். மாவுக்குள் எதையாவது வைத்து மூடுகிற இந்த வேலையை ருசிக்காகச் செய்தார்கள் என்று சமையல் புத்தகங்கள் சொல்லும். என் கட்சி வேறு. கெடிகாரம்தான் இதைச் செய்ய வைத்தது. குழம்பும் பொரியலும் தட்டும் உட்கார இடமும் கேட்கிற சாப்பாட்டை ஒரு மைதா உறைக்குள் அடைத்து, பஸ் புறப்படுவதற்குள் முடிக்க வைத்திருக்கிறார்கள். குவாங்சௌ மூட்டைக்காரருக்கு இரண்டு துண்டு, கேட் திறப்பதற்குள் ரெண்டு வடை, பஸ் வருவதற்குள் ஆறு பீஸ்.

ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் தொடங்கியது. அதைச் சுற்றி எத்தனை ஆலைகள், எத்தனை துணை ஆலைகள் வந்தன என்று இங்கே இருக்கிறவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாதிப் பேர் அங்கேதான் வேலை செய்கிறீர்கள். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது அந்தப் பக்கத்து டீக்கடைகளில் வடை ஈடு குறைந்ததையும் பார்த்தீர்கள். ஆலையின் கதவு திறப்பதும் மூடுவதும் என் அப்பாவின் ரயில்வே கேட்டேதான். கொஞ்சம் பெரிய கேட்.

ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர் என்று தங்குகிறார்கள். பல ரூம்களில் சமைக்க இடம் இல்லை. சமைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியே வாடகைக்கு விடுகிறார். வீட்டுக்காரர் என்றால் யார்? நாம்தான். விடுதியில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து இறக்குகிறார்கள். எங்கே சமைத்தார்கள், எப்போது சமைத்தார்கள் என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சோற்றுத் தட்டில் என்ன இருந்தது என்று நாடு கேட்டது.

அதனால்தான் அந்த வண்டியில் ஆவி முகத்தில் அடிப்பதை நான் முதலிலேயே சொன்னேன். அங்கே பாத்திரம் கண்முன்னே இருக்கிறது. எது வேண்டும் என்று கேட்கிறார்கள். வெஜ்ஜா, சிக்கனா? காரம் போடட்டுமா? பன்னிரண்டு மணி நேரம் யாரோ சொன்னதைச் செய்துவிட்டு வருகிற பெண்ணுக்கு, இந்தக் கேள்வி எண்பது ரூபாயில் கிடைக்கிறது.

ஆனால் வண்டியைத் தூக்கிக் கொண்டாட நான் வரவில்லை. குறையையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் ஹைதராபாத்தில் மோமோ சாப்பிட்ட ஒரு பெண் இறந்தார், பலர் படுத்தார்கள். தெலங்கானா அரசு பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தடை செய்தது. தமிழ்நாடும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி வளரும். நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். இங்கே கவனியுங்கள், பழி மோமோவின்மேல் விழுந்தது, ஆனால் சந்தேகம் பக்கத்தில் இருந்த வெள்ளைப் பசையின்மேல். ஆவியில் வெந்ததற்குப் பக்கத்தில் வேகாததை வைத்துவிட்டார்கள். திபெத்தியரோ சீனரோ இதற்கு மயோனைஸ் கேட்கவில்லை. நம் தம்பியிடம், "தக்காளியும் காய்ந்த மிளகாயும் பூண்டும் வேகவைத்து அரைத்த சட்னி இருக்கும்போது அது எதற்கு?" என்று கேட்டேன். "கஸ்டமர் கேக்கறாங்க, அண்ணா" என்றார். கேட்கிற கஸ்டமர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள். தந்தூரி மோமோ, சிப்ஸ் தூள் ஒட்டிப் பொரித்த மோமோ எல்லாம் கேட்பதும் அவர்களே. அதைப் பற்றி நான் பேச மாட்டேன். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவன்.

இன்னொரு குறை எனக்குத்தான். டிம் சம்மில் டீதான் தலைமை என்று சொன்னேன். நம் வண்டியில் டீ இல்லை. பக்கத்து டீக்கடையில் மோமோ இல்லை. இரண்டுக்கும் நடுவில் பத்தடி. ஒரு நாள் வலது கையில் மோமோ தட்டும் இடது கையில் டீ கிளாஸுமாக அந்தப் பத்தடியில் நின்றேன். டீக்கடைக்காரர், "பெரியவரே, கிளாஸை அங்கே வெச்சுராதீங்க, அவங்க கழுவ மாட்டாங்க" என்றார். மோமோ தம்பி, "அண்ணா, தட்டை அங்கே போடாதீங்க, அவர் திட்டுவார்" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமலேயே பேசினார்கள். மூன்று வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீக்கடைக்காரர் மெதுவாக, "எப்படி இருக்கு அது?" என்று கேட்டார். தட்டில் இரண்டு மிச்சம் இருந்தது. நீட்டினேன். சுற்றும் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். "கொழுக்கட்டைக்குக் கோஸ் வெச்சிருக்கான்" என்றார். கொஞ்சம் பொறுத்து இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன். கேள்விகள் இருந்தால் இரண்டே இரண்டு கேளுங்கள், சுருக்கமாகக் கேளுங்கள். எட்டரைக்கு மேல் போனால் தம்பியிடம் ஸ்டீம் தீர்ந்துவிடும், ஃப்ரைதான் இருக்கும்.